தொண்டையா, குரல்வளையா? சோமாலிக் கதையை மாற்றி எழுதும்போது எந்தச் சொல்?

ஒரே சொல்லை இரண்டு வரிக்குள் மறுபடி போடக்கூடாது என்பது பள்ளிக்கூடக் கட்டுரை நோட்டில் நமக்கு ஏறிய பாடம். 'அரசன்' வந்துவிட்டதா, அடுத்த வரியில் 'மன்னன்', அதற்கடுத்து 'வேந்தன்'. பத்தியை ஒட்டினால் ஒவ்வொரு சொல்லுக்கும் நொடியில் மாற்றுச்சொல் போட்டுத் தரும் கருவிகளும் இப்போது வந்துவிட்டன. நாட்டார் கதையை, அதிலும் நமக்குப் பழக்கமில்லாத மக்களின் கதையைத் திருப்பி எழுதும்போது இந்தப் பழக்கம்தான் முதலில் காலை வாரும்.

சோமாலிக் கதைகளை எடுத்துக்கொள்வோம். சோமாலி மொழிக்கு அதிகாரப்பூர்வ எழுத்துமுறை வந்ததே 1972இல்தான். கதைகள் வாய்வழியாகவே வளர்ந்தவை. ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர் மாறுபவை. அதனால் வாக்கியத்தை நாம் எப்படி அமைத்தாலும் யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை. ஆனால் ஒவ்வொரு கதையும் ஒன்றிரண்டு சொற்களின்மேல் நிற்கிறது. அந்தச் சொற்களை ஒருமுறை யோசித்துத் தேர்ந்துவிட்டு, கடைசிவரை மாற்றாமல் விட வேண்டும். மற்றதை இஷ்டம்போல் மாற்றலாம். என் கட்சி இதுதான்.

முதலில் ஒரு சின்ன விஷயம். 'சோமாலியக் கதை' என்றா, 'சோமாலிக் கதை' என்றா எழுதுவது? முன்னது நாட்டைச் சொல்கிறது, பின்னது மக்களை. சோமாலிகள் சோமாலியாவில் மட்டும் இல்லை. சோமாலிலாந்து, ஜிபூட்டி, எத்தியோப்பியாவின் கிழக்குப் பகுதி, கென்யாவின் வடகிழக்கு எங்கும் இருக்கிறார்கள். கீழே நான் எடுக்கும் கதையின் நாயகரே இன்றைய எத்தியோப்பியாவில் உள்ள ஜிக்ஜிகா பக்கத்துக்காரர். எனவே 'சோமாலிக் கதை'.

கதை வீல் வாலுடையது. 19ஆம் நூற்றாண்டில் ஜிக்ஜிகா வட்டாரத்தை ஆண்ட கராத் ஃபாரா என்பவரின் பட்டப்பெயர் இது. ஜிக்ஜிகா விமான நிலையத்துக்கே அவர் பெயர்தான். அவர் ஒருநாள் தன் மக்களுக்கு ஒரு புதிர் போடுகிறார்: மனிதர்களைப் பிரிக்கவும் சேர்க்கவும் கூடிய ஒன்று ஆட்டின் உடம்பில் இருக்கிறது, அதைக் கொண்டுவாருங்கள். வசதியுள்ளவர்கள் ஈரல், தொடை, விலா என்று நல்ல கறியாகப் பார்த்துக் கொண்டுபோகிறார்கள். ஓர் ஏழையின் மகள் மட்டும், தொண்டையைக் கொண்டுபோங்கள் என்கிறாள். அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்கிறது. ஆனாலும் கொண்டுபோகிறார். அதுதான் சரியான விடை. ஒருவன் தன் தொண்டையை மட்டும் நிரப்பப் பார்த்தால் பகை வரும். பகிர்ந்துண்டால் உறவு வரும்.

சோமாலியில் அந்த உறுப்பின் பெயர் 'ஹுங்குரி'. பெரிய ஹுங்குரி உள்ளவன் என்றால் பேராசைக்காரன். அதாவது மூலத்தில் உறுப்பும் ஆசையும் ஒரே சொல்லில் உட்கார்ந்திருக்கின்றன. தமிழில் இதற்கு என்ன போடலாம்?

உடற்கூற்றுப்படி பார்த்தால் 'உணவுக்குழாய்' சரி. ஆனால் அது ஏழாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டும் உணவுக்குழாய். எந்தப் பெண்ணும் தன் அப்பாவிடம் 'உணவுக்குழாயைக் கொண்டுபோங்கள்' என்று சொல்லமாட்டாள். 'குரல்வளை' நல்ல கனமான சொல்தான், ஆனால் தமிழில் குரல்வளையை நெரிப்பார்கள், கடிப்பார்கள். அதில் சோறு இறங்காது. குரல்வளை என்று எழுதினால் கதை பேச்சுரிமையைப் பற்றியது என்று வாசகர் நினைத்துக்கொள்ள இடமுண்டு. 'மிடறு' எனக்குப் பிடித்த சொல். ஒரு மிடறு தண்ணீர் என்று இன்றும் சொல்கிறோம், அதனால் விழுங்குவதோடு அதற்கு நேரடித் தொடர்பு இருக்கிறது. ஆனால் உறுப்பின் பெயராக மிடறு இன்று யார் வாயிலும் இல்லை. நீலமிடற்றன் என்று சிவன்தான் வந்து நிற்பார். பெரியவர்களுக்கு எழுதும் இலக்கியப் பத்திரிகையில் ஒருவேளை எடுபடும்.

இன்னொரு யோசனையும் சிலருக்கு வரும். தமிழில் பேராசை குடியிருக்கும் இடம் வயிறுதானே, உறுப்பையே 'வயிறு' என்று மாற்றிவிட்டால் என்ன? பொருள் சுலபமாக ஏறும், உண்மை. ஆனால் கதை செத்துவிடும். ஆட்டுக்குடலை வரிசையில் நின்று வாங்கும் ஊர் நம்முடையது. வயிற்றுப் பகுதியைக் கொண்டுபோனவருக்கு எதற்கு வெட்கம்? அந்த ஏழை கொண்டுபோவது யாரும் கறி என்று மதிக்காத ஒன்றாக இருந்தால்தான் கூட்டத்தின் சிரிப்பும் தலைவரின் மகிழ்ச்சியும் வேலை செய்யும்.

மிச்சம் இருப்பது 'தொண்டை'. சாதாரணச் சொல், தொண்டைக்கட்டு, தொண்டைவலி என்று கொஞ்சம் மருந்துக்கடை வாடை அடிக்கும். ஆனால் 'பக்கத்தில் ஒருத்தன் பட்டினி கிடக்கும்போது சோறு தொண்டையில் இறங்குமா?' என்று கேட்பவர்கள் நாம். வீல் வால் கேட்டதும் அதேதான். இந்த ஒரு வழக்கே போதும், தொண்டைக்கு என் ஓட்டு. ஆட்டை அறுக்கும் இடத்தில் ஒருமுறை 'தீனி இறங்கும் தொண்டை' என்று சொல்லிவிட்டால் குழப்பமும் இருக்காது.

தேர்ந்த பிறகு அதை மாற்றக்கூடாது என்று சொன்னேன் அல்லவா, ஏன் என்று பாருங்கள். மாற்றுச்சொல் ஆசையில் எழுதினால் இப்படி வரும்:

"வறியவன் ஆட்டின் தொண்டையைத் தட்டில் வைத்தான். அந்த ஏழையின் கையிலிருந்த குரல்வளையைக் கண்டு கூடியிருந்தோர் நகைத்தனர். 'இந்தக் கழுத்துப் பகுதியையா கொண்டுவந்தாய்?' என்று வேந்தன் வினவினான்."

மூன்று வரியில் மூன்று உறுப்பு. கேட்கும் குழந்தை, அவர் எத்தனை சாமான் கொண்டுவந்தார் என்று எண்ண ஆரம்பித்துவிடும். இதையே ஒரே சொல்லை வைத்து எழுதலாம்:

"எல்லாரும் ஈரலும் தொடையும் கொண்டுவந்திருந்தார்கள். அவர் துணியைப் பிரித்தார். உள்ளே ஒரு தொண்டை. 'தொண்டையா?' என்றார் பக்கத்தில் இருந்தவர். 'தொண்டைதான்' என்றார் அவர், தலையைத் தூக்காமல். கராத் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். 'இந்தத் தொண்டையைக் கொண்டுபோகச் சொன்னது யார்?'"

நான்கு முறை வந்தும் சலிக்கவில்லை. சொல்லப்போனால் ஒவ்வொரு முறையும் அதன் எடை கூடுகிறது. இரண்டாவது பத்தி முதலாவதின் நகலாகவும் இல்லை. ஏனென்றால் மாறியது சம்பவத்தைச் சொல்லும் வரிசையும் பேச்சும். யாரோ எழுதியதை எடுத்துச் சொல்லுக்குச் சொல் மாற்றி வைத்துவிட்டு 'என் நடை' என்பவர்களுக்கும் இது பொருந்தும்.

புதிரின் வாசகத்திலும் இதே அளவு கவனம் வேண்டும். ஆட்டின் எந்த 'உறுப்பு' என்று கேட்டால் விடை பாதி தெரிந்துவிடும். உறுப்பு என்றதுமே இதயம், நாக்கு என்று யோசனை ஓடும். யாரும் விலாவைக் கொண்டுவரமாட்டார்கள். எந்தக் 'கறி' என்று கேட்டால் தொண்டை ஆட்டத்திலேயே சேராது, பிறகு விடை ஏமாற்றுவேலைபோல் தெரியும். 'பங்கு' என்ற சொல் ரொம்பவே ஆசை காட்டும். மனிதரைப் பங்காளி ஆக்குவதும் பகையாளி ஆக்குவதும் எந்தப் பங்கு என்று கேட்டால் ஓசை அள்ளுகிறது. ஆனால் பங்கு என்பதிலேயே பகிர்வு வந்துவிட்டது, பங்காளி என்பதிலேயே சண்டை வந்துவிட்டது. புதிர் போட்ட வாயாலேயே விடையையும் சொன்ன மாதிரி. நான் 'பாகம்' என்று வைப்பேன். நிறமில்லாத சொல். கறி நினைப்பில் இருப்பவருக்கு அது கறியாகவும், அந்தப் பெண்ணுக்கு உறுப்பாகவும் கேட்கும்.

ஆட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'ஆடு' சலித்துப்போய் அடுத்த வரியில் 'வெள்ளாடு' போட்டுவிடாதீர்கள். கதையில் வருவது செம்மறி. சோமாலிச் செம்மறிக்குத் தலை கறுப்பு, உடம்பு வெள்ளை, பின்புறத்தில் கொழுப்புத் திரட்சி. முதலில் ஒருமுறை செம்மறி என்று சொல்லி, இந்த அடையாளத்தையும் கொடுத்துவிட்டால் அப்புறம் ஆடு என்றே போகலாம்.

இனி, வீல் வாலை என்னவென்று அழைப்பது? அவருடைய பட்டம் 'கராத்'. அதே சொல்லுக்குச் சோமாலியில் அறிவு, விவேகம் என்றும் பொருளுண்டு. 'மன்னன்' என்று போட்டால் கோட்டையும் சிம்மாசனமும் அந்தப்புரமும் தானாக முளைக்கும். இங்கே இருந்ததோ ஒட்டகமும் ஆடும் மேய்க்கும் மக்கள், மரத்தடியில் கூடும் சபை. 'சுல்தான்' முற்றிலும் தவறில்லை, சோமாலிகளிடையே சுல்தான் பட்டம் உண்டு. ஆனால் தமிழ்க் காதுக்கு டில்லி கேட்கிறது. 'நாட்டாமை' என்றால் மரத்தடி கிடைக்கும், கூடவே சொம்பும் ஜமுக்காளமும் கிடைக்கும். 'தலைவர்' பொதுவாகப் பொருந்தும், கட்சி வாசனை கொஞ்சம் இருந்தாலும். முதல் தடவை 'அந்த மக்களின் கராத், அதாவது தலைவர்' என்று சொல்லிவிட்டு, பிறகு கராத் என்றே எழுதுவது எனக்குச் சரியாகப் படுகிறது. சொல் குட்டையானது, வாயில் எளிதாக வருகிறது, வேறு தமிழ்ச் சொல்லோடு மோதவில்லை.

பட்டப்பெயரை மொழிபெயர்க்கலாமா? துடுக்கான பையன், கிறுக்குப் பையன் என்கிற மாதிரியான பொருள். 'பித்தன்' என்றால் பக்தி ஏறிவிடும், 'கிறுக்கன்' என்றால் மரியாதை இறங்கிவிடும். பெயரை அப்படியே விடுவதே நல்லது. 'வால்' என்றதும் நம் பிள்ளைகள் சிரிப்பார்கள், சரியான வால் என்று அவர்களையே நாம் திட்டுவதால். சிரிக்கட்டும், பொருள் அவ்வளவு தூரம் விலகவில்லை.

மூலச்சொல்லை அப்படியே வைப்பது எல்லா இடத்திலும் இப்படிக் கைகொடுக்காது. சோமாலி மேய்ச்சல் குடும்பங்களின் வீடு 'அகல்'. வளைத்த கம்புகளின்மேல் பாய் போர்த்திப் பெண்கள் கட்டுவது. இடம் பெயரும்போது பிரித்து ஒட்டகத்தில் ஏற்றிவிடலாம். இதை அகல் என்று தமிழில் எழுதினால் கார்த்திகை விளக்குதான் தெரியும். மாற்றாக வரும் 'குடிசை'யில் ஏழ்மை ஒட்டியிருக்கிறது, 'கூடாரம்' துணியால் ஆனது, 'குடில்' முனிவருக்கோ கிறிஸ்துமசுக்கோ உரியது. 'பாய்வீடு' என்று ஒருமுறை, அப்புறம் வெறும் 'வீடு'. அவர்களுக்கு அது வீடுதானே.

வழிவழியாக வந்த அவர்களின் சட்டத்துக்குப் பெயர் 'ஹேர்'. இதைத் தமிழ் எழுத்தில் பார்த்தால் சலூன் ஞாபகம்தான் வரும், எனவே மூலச்சொல் வேண்டாம். 'சட்டம்' என்றால் அரசாங்கம், போலீஸ். 'மரபு' என்றால் வெறும் பழக்கம், மீறினால் தண்டம் கட்ட வேண்டும் என்ற பிடி அதில் இல்லை. 'வழமை' பொருத்தம். இதற்குத் தமிழிலேயே முன்னுதாரணம் இருக்கிறது: யாழ்ப்பாணத்து வழக்காறுகளை ஒல்லாந்தர் ஆட்சியில் 1707இல் தொகுத்தபோது கிடைத்த பெயர் தேசவழமை. சொத்து, சீதனம், கடன் என்று நீதிமன்றம்வரை செல்லும் சொல் அது. தமிழ்நாட்டு வாசகருக்கு வழமை என்றால் 'வழக்கம்போல' என்பது மட்டும் தோன்றலாம். 'ஊர் வழமை' என்றோ 'குல வழமை' என்றோ முன்னால் ஒரு சொல் சேர்த்தால் தீர்ந்தது.

மக்களை எப்படிக் குறிப்பது என்பதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். ஆட்டையும் ஒட்டகத்தையும் ஓட்டிக்கொண்டு மழையைத் தேடிப் போகும் குடும்பங்கள். 'நாடோடி' என்று எழுதினால் போக்கிடம் இல்லாதவர்கள் என்ற தொனி வருகிறது. போதாக்குறைக்கு நாட்டார் கதையையே நாம் நாடோடிக் கதை என்கிறோம், 'நாடோடிகளின் நாடோடிக் கதை' என்று எழுதிப் பாருங்கள். 'இடையர்' சாதிப்பெயர். 'ஆயர்' என்றால் பாதிப் பேருக்குக் கண்ணன், மீதிப் பேருக்கு மறைமாவட்டத்து ஆயர். 'மேய்ப்பர்' பைபிளிலிருந்து நேராக இறங்கிவருவார். மந்தையோடு ஊர் ஊராகப் போகும் தெற்கத்திக் 'கீதாரி' உண்மையிலேயே பக்கத்தில் வரும் சொல். ஆனால் கீதாரி என்றால் வயலில் கிடை போடுவதும் நெல் அறுவடை முடிந்த தஞ்சாவூரும் கூடவே வந்துவிடும். அதனால் பெயர்ச்சொல்லையே விட்டுவிட்டு, 'மேய்ச்சல் தேடிப் போகும் குடும்பங்கள்' என்று விரித்து எழுதுவதும், தனி ஆள் வரும் இடத்தில் 'ஒட்டகக்காரர்' என்பதும் மேல். சொல் கூடுதல்தான், ஆனால் தப்பான படம் ஒன்றும் வராது.

பருவங்களுக்கு இரண்டு வரி போதும். டிசம்பர் முதல் மார்ச் வரையிலான 'ஜீலால்' பருவத்தை மாதத்தைப் பார்த்துக் 'குளிர்காலம்' என்று எழுதினால் கதை தலைகீழாகிவிடும். அங்கே அது கிணறு வற்றும் காலம், பால் வற்றும் காலம். நம் சொல்லில் கோடை. ஏப்ரலில் தொடங்கும் 'கு' பருவமும் வசந்தமில்லை, மழைக்காலம். கொஞ்சம் இலக்கியமாகப் போகலாமென்றால் 'கார்' நன்றாகப் பொருந்தும், முல்லை நிலத்துக்கும் மேய்ச்சலுக்கும் உரிய பொழுதென்று நம் இலக்கணமே சொல்கிறது.

ஒட்டகத்துக்கு வந்தால் நம் கை கொஞ்சம் வறட்சிதான். சோமாலியில் பெண் ஒட்டகம் 'ஹல்', ஆண் 'அவ்ர்', பிறந்த குட்டி 'நிரிக்', இன்னும் வயதுக்கும் வேலைக்கும் தகுந்தபடி எத்தனையோ. நமக்கு எல்லாம் ஒட்டகம். ஆனால் தொல்காப்பிய மரபியல் இதற்கு வழி வைத்திருக்கிறது. ஒட்டகத்தின் இளமைக்குக் 'கன்று' என்றும், பெண்மைக்குப் 'பெட்டை' என்றும் சொல்லலாம் என்கிறது. கன்றைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம்; 'குட்டி'யைவிடப் பால்மாட்டின் அருமையை அது கொண்டுவருகிறது. பெட்டையைத்தான் இன்று எழுத முடியாது. கோழிக்குப் போனது போக மிச்சம் வசவாகிவிட்டது. 'தாய் ஒட்டகம்', 'பால் ஒட்டகம்' என்று இடத்துக்கு ஏற்ப எழுதலாம். சுமை தூக்குவதற்குப் 'பொதி ஒட்டகம்'. பொதிமாடு என்ற சொல் தெரிந்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை.

அந்தப் பெண் தன் தந்தையை எப்படிக் கூப்பிடுவாள்? முஸ்லிம் குடும்பம் என்பதால் 'வாப்பா' அல்லது 'அத்தா' என்று எழுதத் தோன்றும். எழுதினால் அவள் காயல்பட்டினத்துக்கோ மதுரைக்கோ குடிவந்துவிடுவாள். சோமாலியில் 'ஆப்பே', 'ஆபோ'. 'அப்பா'வே ஓசையிலும் பக்கம்.

எந்தச் சொல்லைத் தேர்ந்தாலும் ஒரு கட்சியில் நிற்கவேண்டிவரும் கதைகளும் உண்டு. அரவேலோ என்ற பழங்கதை அரசி ஆண்களைக் காயடிக்கச் சொன்னவள். 'கொடுங்கோலரசி' என்று எழுதுவது ஆண்கள் சொல்லும் கதை. அவளுடைய கல்லறை என்று காட்டப்படும் கற்குவியலில் ஆண்கள் கல்லெறிவார்கள், பெண்கள் பச்சைக் கிளை வைப்பார்கள் என்று சொல்வதுண்டு. அதனால் 'அரசி' என்று மட்டும் எழுதி, அவள் செய்ததைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். 'ஆண்மை நீக்கம்' என்று மருத்துவமனைத் தமிழுக்கு ஓடாமல் 'காயடித்தல்' என்றே எழுதலாம், மந்தை வைத்திருப்பவர்களின் கதையில் அது மந்தைக்காரரின் சொல். சிறு பிள்ளைகளுக்கு என்றால் மாற்றுச்சொல் தேடுவதைவிட வேறு கதையைத் தேடுவது நல்லது. பெயரைப் பற்றி ஓர் எச்சரிக்கை: சோமாலி ரோமன் எழுத்தில் இவள் பெயர் 'சி'யில் தொடங்கும், ஆனால் அங்கே 'சி' என்பது அடித்தொண்டை ஒலி. பார்த்தபடி எழுதிக் 'கரவேலோ' ஆக்கிவிடாதீர்கள்.

டெக்டேர் கதையில் சிக்கல் வேறு. மனிதரைத் தின்னும் நீண்ட காதுக்காரி, தூரத்துக் காலடியையும் கேட்டுவிடுவாள். 'அரக்கி' என்றால் அசோகவனம் வந்துவிடும். மூக்கும் காதும் அறுபட்ட நம் சூர்ப்பனகைக்குப் பக்கத்தில் இந்தக் காதுக்காரியை நிறுத்துவது வேடிக்கையாகவும் இருக்கும். 'பேய்' என்றால் உடம்பில்லை, 'சூனியக்காரி' என்றால் மந்திரம் வேண்டும். இவளிடம் இருப்பதோ காதும் பசியும்தான். பெயரின் பொருளே நீண்ட காது. 'நெடுங்காதி' என்று நாமும் பெயராகவே வைத்துவிட்டால் வேறு அடைமொழி தேவையில்லை.

அவள் இறந்ததும் சொல்லும் வரி ஒன்று பிள்ளைகள்வரை எல்லாருக்கும் தெரியும்: டெக்டேர் செத்தாள், நிலம் சமாதானம் ஆயிற்று என்ற பொருளில். மூலத்தில் அவள் பெயர், செத்தாள், நிலம் ஆகிய மூன்றும் ஒரே ட-ஒலியில் தொடங்குகின்றன. சோமாலிக் கவிதையின் உயிரே இந்த முதலெழுத்து ஒற்றுமை, நம் மோனைதான். இங்கே சொல் தேர்வை மோனையிடம் விட்டுவிடலாம். கடைசியில் வரும் 'நபத்' என்ற சொல் அவர்களுக்குச் சமாதானமும் நலம் விசாரிப்பும். 'அமைதி' என்று போட்டால் வகுப்பில் வாயை மூடச் சொன்னதுபோல் இருக்கும், 'சமாதானம்' ஒப்பந்தத்தில் கையெழுத்து கேட்கும். 'நிம்மதி' பொருளிலும் நெருக்கம், நெடுங்காதிக்கும் நிலத்துக்கும் மோனையிலும் சொந்தம். 'நெடுங்காதி நீங்கினாள், நிலமெல்லாம் நிம்மதி' என்று எழுதினால் மோனை நான்கு இடத்திலும் விழும். ஆனால் நீங்கினாள் என்பது அஞ்சலிக் குறிப்பு நடை. ஆளைத் தின்றவள் ஒழிந்ததைக் கொண்டாடும் பிள்ளைகள் அப்படிப் பாடமாட்டார்கள். ஒரு மோனை போனாலும் போகட்டும் என்று நான் 'நெடுங்காதி செத்தாள், நிலமெல்லாம் நிம்மதி' என்பதையே வைப்பேன்.